சாக்கெட் வழியே வரும் எக்ஸ்எம்எல்: மாதிரி நிரலில் திருத்த வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட் வழியே, டேக்குகளால் தரவைக் குறிக்கும் எக்ஸ்எம்எல் செய்திகளை வாங்கும் சர்வர் எழுதுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். எளிமையாக எழுதப்பட்டிருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் அதன் மாதிரி நிரலில் ஒரு வழிமுறை இருக்கிறது: 4096 பைட் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) ஒருமுறை ரிசீவ் செய், வந்ததை எழுத்துச்சரமாக மாற்று, எக்ஸ்எம்எல்லைப் படித்து மரமாக்கும் டாம் பார்சரிடம் கொடு, பதில் அனுப்பு. மாணவர்கள் இதை அப்படியே எடுத்து எழுதுவார்கள். அவர்களுடைய கணினியிலேயே கிளையன்டையும் சர்வரையும் ஓட்டிப் பார்க்கும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். வேறு கணினியிலிருந்து பெரிய செய்தி ஒன்று வந்த அன்றைக்கு உடையும். அது ஏன், எப்படி எழுதினால் உடையாது என்பதற்காகவே இக்கடிதம்.

சாக்கெட்டுக்கு அடியில் தரவைச் சுமக்கும் டிசிபி நெறிமுறை செய்திகளைக் கொண்டுவருவதில்லை, பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவருகிறது. அவ்வளவுதான் அது தரும் உறுதி. குழாயில் வரும் தண்ணீருக்கு எந்தக் குடம் எங்கே நிரம்பியது என்று தெரியாது. அதுபோல, அனுப்பியவர் எத்தனை முறை சென்ட் செய்தார் என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு சென்ட் மூன்று ரிசீவாக வரலாம். மூன்று சென்ட் ஒரே ரிசீவில் ஒட்டிக்கொண்டு வரலாம். இரண்டாவது செய்தியின் முதல் பாதி, முதல் செய்தியின் வாலோடு வருவதும் அன்றாடம் நடப்பதே. சொந்தக் கணினியில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸில், ஒரே கணினிக்குள் சுற்றிவரும் லூப்பேக் இணைப்பின் பாக்கெட் வரம்பு 65,536 பைட். ஈதர்நெட்டில் அது 1500. ஐபி, டிசிபி தலைப்புகள் போக வழக்கமாக 1460 பைட்தான் தரவுக்கு மிஞ்சும். ஆகவே 3000 பைட் செய்தி லூப்பேக்கில் முழுசாக வந்து இறங்கும், வெளி நெட்வொர்க்கில் மூன்று துண்டாகக் கிளம்பும்.

இதற்குச் சிலர் செய்யும் மருந்துகள் நோயைவிட மோசம். ரிசீவுக்கு முன் 100 மில்லி விநாடி காத்திருப்பது, பஃபரை 64 கிலோபைட்டாகப் பெருக்குவது, சிறு துண்டுகளைச் சேர்த்து அனுப்பும் நேகிள் முறையை அணைப்பது, "இப்போதைக்குத் தரவு இல்லை" என்று சாக்கெட் சொல்லும்வரை படித்துவிட்டு அதையே செய்தியின் முடிவாக எடுத்துக்கொள்வது. நான்குமே பிழை எப்போதாவது வருமாறு செய்கின்றனவே தவிர, வராமல் செய்வதில்லை. எப்போதாவது வரும் பிழையைப் பிடிப்பது எப்போதும் வரும் பிழையைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

டிசிபி எல்லை காட்டாவிட்டால் போகட்டும், மூடும் டேக் வந்ததும் எக்ஸ்எம்எல் தன் முடிவைத் தானே சொல்லிவிடாதா என்று கேட்கலாம். சொல்லாது. 1998இல் வெளிவந்த எக்ஸ்எம்எல் 1.0 இலக்கணப்படி, எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளி டேக்கான ரூட் எலிமென்ட் மூடிய பிறகும் குறிப்புரைகளும், செயலிக் கட்டளைகளும், வெற்றிடங்களும் வரலாம். எனவே ரூட் மூடிவிட்டது என்பதற்காக ஆவணம் முடிந்துவிட்டது என்று பார்சர் முடிவுகட்ட முடியாது. சாக்கெட்டை நேராகப் பார்சரிடம் நீட்டினால் அது இணைப்பு மூடும்வரை காத்திருக்கும். கிளையன்டோ பதில் வரட்டும் என்று இணைப்பை மூடாமல் காத்திருக்கும். இரண்டு பக்கமும் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் உறைந்து நிற்கும் காட்சிக்கு இதுவே முக்கியக் காரணம். ஓர் இணைப்புக்கு ஒரே கோரிக்கை என்றால், கிளையன்ட் தன் எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். சர்வரின் ரிசீவ் பூஜ்யம் தரும், அதுவே முடிவு. ஒரே இணைப்பில் பல ஆவணங்கள் வருமென்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இரண்டாம் ஆவணத்தின் முதல் எழுத்தைக் கண்டதும் "ரூட்டுக்குப் பின்னால் குப்பை" என்றோ, "எக்ஸ்எம்எல் அறிவிப்பு தொடக்கத்தில் இல்லை" என்றோ பார்சர் நின்றுவிடும். அந்த அறிவிப்புக்கு முன்னால் ஒரே ஒரு வரிமுறிவு இருந்தாலும் பிழைதான். பல கிளையன்டுகள் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு வரிமுறிவைச் சேர்த்து அனுப்புவதால், முதல் செய்தி சரியாகவும் இரண்டாவது தவறாகவும் போவதைக் காணலாம்.

ஆகவே எல்லையை நெறிமுறைதான் சொல்ல வேண்டும். பழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று.

முதலாவது, நீளத்தை முன்னால் அனுப்புவது. டொமைன் பெயர்ப் பதிவுக்குப் பயன்படும் ஈபிபி நெறிமுறை இதைத்தான் செய்கிறது: 700ஆம் போர்ட்டில், ஒவ்வொரு எக்ஸ்எம்எல் ஆவணத்துக்கும் முன்னால் 4 பைட் நீளம், பெரிய பைட் முதலில். 2009இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5734 இதை வரையறுக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நீளத்தில் 4 பைட் தலைப்பும் அடக்கம். அதை மறந்து, படித்த எண்ணை அப்படியே உடலின் நீளமாக எடுத்துக்கொண்டால் வராத 4 பைட்டுக்காக நிரல் காத்துக் கிடக்கும். தலைப்பே இரண்டு ரிசீவில் பிளந்து வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. நீளம் என்பது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. "வணக்கம்" யூனிகோடில் 7 குறிகள், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 21 பைட். படித்த நீளத்தை நம்பி உடனே நினைவகம் ஒதுக்குவதும் ஆபத்து. எவரோ நான்கு பைட்டுகளையும் 255 என்று அனுப்பினால் 4 கிகாபைட் கேட்டு நிற்பீர்கள். முதலில் வரம்போடு ஒப்பிட வேண்டும், பிறகே ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, முடிவுக்குறி. யூடிஎஃப்-8 என்றால் பூஜ்ய பைட் நல்ல குறி, ஏனெனில் எக்ஸ்எம்எல் 1.0இல் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. யூடிஎஃப்-16இல் இது செல்லாது. அங்கே ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பூஜ்ய பைட் உட்கார்ந்திருக்கும். குறியைச் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுக்கப் போய் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. ரௌட்டர், ஸ்விட்ச்களை நிர்வகிக்கும் நெட்கான்ஃப் நெறிமுறை, 2006இல் மறையாக்கப்பட்ட எஸ்எஸ்எச் இணைப்பு வழிக்கு வரையறுக்கப்பட்டபோது ]]>]]> என்ற தொடரை முடிவுக்குறியாக வைத்தது. முறையான எக்ஸ்எம்எல்லில் இது வரவே வராது என்பது எண்ணம். உண்மையில் பண்பு மதிப்புக்குள்ளும் குறிப்புரைக்குள்ளும் அது தாராளமாக வரலாம். 2011இல் ஆர்எஃப்சி 6242 அதைக் கைவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நீளம் எழுதும் முறைக்கு மாறியது. தொடக்க ஹலோ செய்தி மட்டும் இன்றும் பழைய குறியோடுதான் போகிறது.

இதே பள்ளத்தில் தினமும் விழுவோர், பஃபரில் </செய்தி> என்ற சரத்தைத் தேடி வெட்டுபவர்கள். அந்தச் சரம் சிடேட்டா பகுதிக்குள் வெறும் எழுத்தாக இருக்கலாம். செய்திக்குள் இன்னொரு செய்தி பொதிந்திருக்கலாம். மூடும் டேக்கில் > குறிக்கு முன் ஓர் இடைவெளி விட எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது. அதைத் தேடல் தவறவிடும். இதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடல் வடிவம்) எழுதுவது, பார்சரை அரைகுறையாகத் திரும்ப எழுதுவதே.

மூன்றாவது வழி, உடனடிச் செய்திகளுக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறை எடுத்தது. இணைப்பு முழுவதும் ஒரே ஆவணம். ரூட் டேக் இணைப்பின் தொடக்கத்தில் திறக்கும், முடிவில்தான் மூடும். ரூட்டின் நேரடிப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு செய்தி. 2011இன் ஆர்எஃப்சி 6120 குறிப்புரை, செயலிக் கட்டளை, ஆவண வகை அறிவிப்பு ஆகியவற்றை இந்த ஓட்டத்தில் அடியோடு தடை செய்கிறது. செய்திகளுக்கு நடுவே ஒற்றை இடைவெளி எழுத்தை அனுப்பி இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கவும் இடம் தருகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் புதிதாக ஒரு நெறிமுறை வகுப்பவருக்கு நாங்கள் சொல்வது நீளத் தலைப்பைத்தான். ஒரே ஆவண முறையில் ஓர் எழுத்து பிசகினால் முழு இணைப்பும் போய்விடும். எக்ஸ்எம்எல் இலக்கணப்படி அது மீட்கமுடியாத பிழை. அதற்குப் பின் வருவதை நிதானமாகப் படிக்கப் பார்சருக்கு உரிமையே இல்லை. நீளத் தலைப்பு இருந்தால் கெட்ட செய்தியை மட்டும் நிராகரித்துவிட்டு அடுத்ததைப் படிக்கலாம்.

இந்த ஒரே ஆவண ஓட்ட முறைதான் வேண்டும், அல்லது ஏற்கெனவே இருக்கும் நெறிமுறை அப்படித்தான் என்றால், பார்சர் கேட்டு நாம் தருவதாக இருக்கக் கூடாது; நாம் தரத்தர அது விழுங்க வேண்டும். எக்ஸ்பாட், லிப்எக்ஸ்எம்எல்2 என்ற பார்சர் நூலகங்கள் இரண்டிலும் இந்தத் தள்ளும் முறை உண்டு. பைத்தானில் எக்ஸ்எம்எல்புல்பார்சர் வகுப்பின் ஃபீட் அதே வேலையைச் செய்யும். இணைப்புக்கு ஒரு பார்சர், ஓர் ஆழ எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவ் தந்த பைட்டுகளை, தந்த அளவிலேயே, "இது கடைசி அல்ல" என்ற குறிப்போடு பார்சரிடம் தள்ளுங்கள். திறக்கும் டேக் நிகழ்வில் எண்ணியைக் கூட்டுங்கள். அது 2 ஆனால் புதிய செய்தி தொடங்குகிறது, மரம் கட்டத் தொடங்குங்கள். மூடும் டேக்கில் குறையுங்கள். 1க்குத் திரும்பினால் செய்தி முழுமை, மரத்தை வேலை வரிசையில் போடுங்கள். 0 ஆனால் எதிர்ப்பக்கம் முறையாக விடைபெறுகிறது. ரிசீவ் பூஜ்யம் தரும்போது எண்ணி 0 இல்லையென்றால் இணைப்பு பாதியில் அறுந்தது என்று பொருள். அரைச் செய்தியைச் செயல்படுத்தாமல் தூக்கியெறியுங்கள்.

இதில் அடிக்கடி தவறும் இடங்கள் சில. உரை நிகழ்வு ஒரு உரைக்கு ஒருமுறைதான் வரும் என்று எந்தப் பார்சரும் வாக்குத் தரவில்லை. எக்ஸ்பாட் பஃபர் முடிவிலும், வரிமுறிவிலும், &amp; போன்ற குறியீட்டிலும் உரையைத் துண்டாக்கும். வந்ததை ஒட்டிச் சேர்த்து, மூடும் டேக்கில்தான் மதிப்பை எடுக்க வேண்டும். 1500 என்ற எண் 15 ஆகவும் 00 ஆகவும் வந்து, பின்னது முன்னதை அழித்துவிட்டுப் பூஜ்யமாகப் பதிவாகும் பிழை இந்த அலட்சியத்தால் வருவதே.

அடுத்தது எழுத்துச்சர மாற்றம். கட்டுரையின் நிரல் ரிசீவ் தந்ததை உடனே சரமாக மாற்றுகிறது. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். "க" என்பது 224, 174, 149. துண்டு 174க்குப் பின் முடிந்தால், மாற்றும் செயல் பிழை எறியும், அல்லது அதைவிடக் கேடாக, சத்தமில்லாமல் கறுப்புக் கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போகும். பார்சரிடம் மூல பைட்டுகளையே கொடுங்கள். பாதி எழுத்தை அடுத்த துண்டு வரும்வரை வைத்துக்கொள்ள அதற்குத் தெரியும்.

நினைவகமும் கசியும். பைத்தானின் அந்தப் பார்சர் பின்னணியில் முழு மரத்தையும் கட்டிக்கொண்டே போகும். செய்தியைப் படித்தபின் அதை மட்டும் காலி செய்தால், வெற்று எலிமென்ட் ரூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். நாட்கணக்கில் ஓடும் இணைப்பில் அவையே மலையாகும். ரூட்டிலிருந்தே நீக்க வேண்டும். மாறாக, செய்தித் துண்டை வெட்டியெடுத்து வேறொரு பார்சரிடம் கொடுப்பவர்கள், டேக் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்ட ரூட்டில் அறிவித்த பெயர்வெளி முன்னொட்டுகளை இழப்பார்கள். எக்ஸ்பாட்டில் இன்னொன்று: நிகழ்வுச் செயற்கூறு ஓடும்போதே பார்சரை அழிக்கக் கூடாது. கொடியொன்றை உயர்த்தி, நிறுத்தக் கட்டளை கொடுத்து, திரும்பி வந்தபின் அழியுங்கள்.

அண்மைக்கால மாற்றம் ஒன்று பலரைக் குழப்பியிருக்கிறது. மிக நீண்ட ஒரு டேக்கைச் சிறுசிறு துண்டாக அனுப்பினால், ஒவ்வொரு துண்டுக்கும் எக்ஸ்பாட் அந்த டேக்கின் தலையிலிருந்தே மறுபடி படிக்கும். நேரம் நீளத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும், சர்வரை முடக்க அதுவே போதும். 2024இல் வந்த 2.6.0 பதிப்பு இதைத் தடுக்க, முடியாத டேக்கை மறுபடி படிப்பதைப் பஃபர் கணிசமாக வளரும்வரை ஒத்திப்போடுகிறது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஒரு டேக் இரு துண்டாக வந்து, இரண்டாவது மிகச் சிறியதாக இருந்தால், டேக் முழுமையாகியும் நிகழ்வு வராமல் நிற்கும். பதில் கிடைத்தால்தான் அடுத்ததை அனுப்புவேன் என்று எதிர்ப்பக்கம் இருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். நிரலில் ஓர் எழுத்தும் மாற்றாமல், இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் இப்படி ஆனால் இங்கே தேடுங்கள். இந்த ஒத்திப்போடலை அணைக்க எக்ஸ்பாட்டில் வழி உண்டு. பைத்தானின் புதிய பதிப்புகளில் ஃப்ளஷ் அழைக்கலாம். அணைப்பதாயின் டேக் நீளத்துக்கு நீங்களே வரம்பு போட்டாக வேண்டும்.

ஜாவாவில் வேறு தொல்லை. வழக்கமான செர்சீஸ் பார்சர் தன் பஃபர் நிறைய முன்கூட்டியே படித்துக்கொள்ளும், அடுத்த செய்தியின் பைட்டுகளையும் சேர்த்தே. படித்து முடித்ததும் உள்ளீட்டு ஸ்ட்ரீமை மூடும். சாக்கெட்டின் ஸ்ட்ரீமை மூடினால் சாக்கெட்டே மூடிவிடும். நீளத் தலைப்பு இருந்தால் அத்தனை பைட்டையும் முழுசாகப் படித்து, பைட் அணியிலிருந்து பார்சருக்குக் கொடுப்பது நேர்வழி. தடுக்காமல் படிக்க வேண்டுமென்றால் ஆல்ட்டோ பார்சர் உண்டு. தரவு போதாதபோது "முழுமையில்லை" என்ற நிகழ்வைத் தந்துவிட்டுத் திரும்பும்.

பாதுகாப்பைக் கட்டுரை தொடவே இல்லை. இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் சர்வரில், என்டிட்டிகளை (வேறு உரையாக விரியும் குறும்பெயர்களை) வரையறுக்க இடம் தரும் ஆவண வகை அறிவிப்பை முற்றாக மறுத்துவிடுங்கள். மூன்றெழுத்துச் சரம் ஒன்றைப் பத்துப் பத்தாக ஒன்பது அடுக்கு பெருக்கும் என்டிட்டிகள் ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கும், விரித்தால் 3 கிகாபைட். எக்ஸ்பாட் 2.4.0 முதல் இதற்குக் காவல் உண்டு. விரிவு 8 மெகாபைட்டைத் தாண்டி, உள்ளீட்டைப்போல் 100 மடங்கானால் நிறுத்திவிடும். சர்வரின் உள்கோப்புகளை இழுக்கும் வெளி என்டிட்டிகள் தனி ஆபத்து. இவை போக, மூடாமல் திறந்துகொண்டே போகும் டேக்குகளுக்கு ஆழ வரம்பு வேண்டும். லிப்எக்ஸ்எம்எல்2 இயல்பாக 256இல் நிறுத்தும். செய்தி அளவுக்கும் வரம்பு வேண்டும். எக்ஸ்எம்பிபி சர்வர் அந்த வரம்பை 10,000 பைட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது என்பது விதி. அளவைப் பார்சருக்குள் போன பைட்டுகளில் எண்ணுங்கள், கட்டி முடித்த மரத்தில் அல்ல. நிமிடத்துக்கு ஒரு பைட் அனுப்பி இடத்தைப் பிடித்து வைப்பவருக்கு, ஒரு செய்தி தொடங்கி முடிய இத்தனை விநாடி என்ற கெடு ஒன்றே தடை. ஒவ்வொரு ரிசீவுக்கும் புதிதாகத் தொடங்கும் கெடு அவரைப் பிடிக்காது. சும்மா இருக்கும் இணைப்பைச் சோதிக்கும் டிசிபி கீப்அலைவை நம்பியிருப்போருக்கு: லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனைக்கே 7200 விநாடி, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 சோதனை. செத்த இணைப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிரோடிருப்பதாகத் தெரியும்.

வேலை வரிசைக்கும் எல்லை வேண்டும். நிறைந்தால் அந்தச் சாக்கெட்டிலிருந்து படிப்பதை நிறுத்துங்கள். கெர்னல் பஃபர் நிறையும், இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று சொல்லும் டிசிபி சாளரம் சுருங்கும், அனுப்புபவர் தானாக மெதுவாவார்.

இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் இருந்தால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு டிஎல்எஸ் பதிவு 16,384 பைட் வரை இருக்கலாம்; நீங்கள் 4096 மட்டும் படித்தால் மீதி நூலகத்தின் பஃபரில் இருக்கும், சாக்கெட்டிலோ எதுவும் இராது. சாக்கெட்டில் தரவு வந்ததை நிரலுக்கு அறிவிக்கும் லினக்ஸின் எப்போல் வசதி எழுப்பாது. நூலகம் "இன்னும் தரவு வேண்டும்" என்று சொல்லும்வரை படித்துத் தீர்க்க வேண்டும். இணைப்பின் நடுவே ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளை மூலம் மறையாக்கத்துக்கு மாறினால், அதற்கு முன் பஃபரில் தங்கிய பைட்டுகளை வீசிவிட்டுப் புதிய பார்சரோடு தொடங்குங்கள். இல்லாவிட்டால் நடுவில் இருப்பவர் மறையாக்கத்துக்கு முன் செருகிய செய்தி, மறையாக்கத்துக்குப் பின் வந்ததுபோல் உள்ளே நுழைந்துவிடும்.

எழுதும் பக்கத்துக்குச் சுருக்கமாக: சென்ட் கேட்டதைவிடக் குறைவாக அனுப்பலாம், மீதியை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஒரே சாக்கெட்டில் இரண்டு திரெட்கள் பூட்டில்லாமல் எழுதினால் டேக்குகள் பின்னிக்கொள்ளும். 32க்குக் கீழான கட்டுப்பாட்டு எழுத்துகளில் 9, 10, 13 தவிர மற்றவை எக்ஸ்எம்எல் 1.0இல் எந்த வடிவத்திலும் செல்லா. பைனரித் தரவை பேஸ்64 ஆக்குங்கள், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

இவற்றைச் சோதிக்கப் பெரிய நெட்வொர்க் தேவையில்லை. <செய்தி>வணக்கம்</செய்தி> என்பது யூடிஎஃப்-8இல் 62 பைட். அதை இரண்டாக வெட்ட 61 இடங்கள் உண்டு. அவற்றில் 38 வெட்டுகள் ஏதாவது ஒரு எழுத்துக்குறியின் நடுவே விழும். ஓட்ட முறையில் முதலில் ரூட் டேக்கைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் இரு பாதிகளையும் தனித்தனியே பார்சருக்குத் தள்ளி, 61 முறையும் அதே விளைவு வருகிறதா என்று பாருங்கள். பிறகு பைட் பைட்டாகத் தள்ளுங்கள். பிறகு மூன்று செய்திகளை ஒட்டி ஒரே துண்டாகத் தள்ளுங்கள். சாக்கெட்டே திறக்காமல் ஒரு விநாடிக்குள் முடியும் சோதனை இது. கட்டுரையின் மாதிரி நிரல் முதல் வெட்டிலேயே விழுந்துவிடும். அதன் திருத்தப்பட்ட வடிவத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ரிசீவ் வரியையும் சரமாக மாற்றும் வரியையும் மட்டும் மாற்றினால் போதாது, எந்த எல்லை முறையை அந்த நிரல் பின்பற்றுகிறது என்பதையும் தொடக்கத்தில் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சர்வர் மென்பொருள் எழுதும் வாசகர்கள் சிலர்